ஆசீர்வாதமாயிரு என்னும் கட்டளை



உங்கள் காணிக்கைகளோடு வரும் கடிதங்களில் ஒரு வேண்டுகோளை அடிக்கடி காண்கிறோம். பிறருக்கு ஆசீர்வாதமாயிருக்கும்படி உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுகிறீர்கள். நன்றிக் கடிதத்தில் நாங்களும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைத் திருப்பி எழுதுகிறோம். இப்படி இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கும் சொல் நாளடைவில் தேய்ந்துபோகும். ஆகையால் இந்த இதழில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, அது முதலில் யாரிடத்தில் இருந்ததோ அவர்கள் அதை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று எழுத விரும்புகிறோம். ஆபிரகாமைத் தங்கள் தகப்பன் என்று அழைக்கும் யூத மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பற்றி வாசித்தும், வாதாடியும், சட்டமாக்கியும், அன்றாட வீட்டுப் பழக்கமாக்கியும் வந்திருக்கிறார்கள். ஆரணியின் பட்டுத்தறிக் குடும்பங்களுக்கு நடுவே வேலைசெய்யும் ஒரு மருத்துவமனைக்கு அவர்களிடத்தில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில், ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமுக்குச் சொல்லப்படுகிறது. கூடவே அவர் ஆசீர்வாதமாயிருப்பார் என்பதும் சொல்லப்படுகிறது. தமிழ் வேதாகமத்தில் நாம் அதை ஒரு வாக்குத்தத்தமாக வாசித்துப் பழகியிருக்கிறோம். எபிரெய மூலத்தில் அந்த வினைச்சொல் ஏவலாக நிற்கிறது. "இருப்பாய்" என்றல்ல, "இரு" என்று. தனக்கு வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டிய பாக்கியத்தைப் பற்றியதல்ல அது. போய்ச் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றியது. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த ராஷி என்ற பெரிய உரையாசிரியர் இதற்குக் கொடுக்கும் விளக்கத்தின் கருத்து இது: அதுவரை ஆசீர்வாதங்கள் தேவனுடைய கையில் இருந்தன; அன்றுமுதல் அவை ஆபிரகாமின் கையில் ஒப்படைக்கப்பட்டன. சாவி கைமாறியது என்று நாம் சொல்லலாம். சாவி கையில் இருக்கிறவன் கதவு ஏன் திறக்கவில்லை என்று மேலே பார்த்துக் கேட்க முடியாது.

இன்னொரு விளக்கம் அதைவிடப் பழையது. எபிரெயத்தில் ஆசீர்வாதத்துக்குப் "பெராகா" என்று பெயர், குளத்துக்குப் "பெரேகா". எழுத்துக்கள் ஒன்றே, உயிர்க்குறிதான் வேறு. ஆதியாகமத்தைப் பற்றிய பழைய மித்ராஷ் நூலில் ரபீமார் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, தீட்டுப்பட்டவனைக் குளம் சுத்தமாக்குகிறதுபோல, தூரமாய்ப் போனவர்களை ஆபிரகாம் கிட்டக் கொண்டுவருகிறார் என்று போதித்தார்கள். பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும். நம்முடையது ஏரிகளின் சீமை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. யாராவது தன் ஏரியில் தண்ணீர் அதிகம் நிற்கட்டும் என்று கலங்கலை உயர்த்திக் கட்டினால் கீழ் ஏரி காயும், பெருமழையில் மேல் ஏரியின் கரையும் உடையும். இது ரபீமார் சொன்னதல்ல, எங்கள் சேர்க்கை. ஆனால் அவர்கள் மறுத்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

நம் நாட்டுக்கு வந்த ஒரு யூதர்

யூதர்கள் நம் தேசத்தில் எப்போதும் மிகச் சிலரே. இன்று சில ஆயிரம் பேர்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய ஜெப ஆலயத்தைச் சுற்றுலா போன நம் வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்ய வந்த யூத வணிகர்களோடு அந்தப் பெயர் சேர்ந்தது. ஆரணியில் யூதர் யாரும் இல்லை. என்றாலும் ஒரு யூதர் செய்த வேலையின் பலன் நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போயிருக்கிறது. அவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கின்.

1860இல் கருங்கடல் கரையிலுள்ள ஒடெசா நகரில் பிறந்தவர். அது அன்று ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. படிப்பில் சிறந்திருந்தும் யூதர் என்பதால் அங்கே அவருக்கு முன்னேற வழியில்லை. மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்ற நிலை, அவர் மாறவில்லை. கிறிஸ்தவ தேசம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு தேசம் அவரை அப்படி நடத்தியது என்பதைக் கிறிஸ்தவ வாசகர்களாகிய நாம் வாசித்துவிட்டு எளிதாகத் தாண்டிப்போக முடியாது. பின்பு பாரிஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்து காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1892 ஜூலை 18ஆம் தேதி அதை முதலில் தன் உடம்பில்தான் குத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் காலராவோடு போராடினார்.

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. ஹாஃப்கினை அங்கே அழைத்தார்கள். ஒரு மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கிக் கொடுத்த சிறிய இடத்தில் இரவும் பகலும் உழைத்துச் சில மாதங்களுக்குள் தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10ஆம் தேதி, மறுபடியும் தன் உடம்பிலேயே முதல் ஊசி. காய்ச்சலும் வலியும் வந்தன, பொறுத்துக்கொண்டார். அதன்பிறகே, இசைந்து முன்வந்த மற்றவர்களுக்குப் போட்டார்.

இசைந்து முன்வந்தவர்களுக்கு என்று எழுதினோமே, அது முக்கியம். அந்நாட்களில் அரசாங்கம் பிளேக்கை வேறு விதமாகக் கையாண்டது. பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், சாமான்களை வெளியே எறிந்தார்கள், பெண்களை ஊரறியச் சோதித்தார்கள், நோய் உண்டோ என்ற சந்தேகத்திலேயே ஆட்களைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஜனங்களுடைய ஆத்திரம் 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டின் கொலையில் வந்து முடிந்தது. அதிகாரிகளும் நோயை ஒழிக்கவே பாடுபட்டார்கள், உண்மைதான். ஆனால் உதவி பெறுகிறவனுக்கும் ஒரு முகம் உண்டு, வீடு உண்டு, மானம் உண்டு என்பதை மறந்து செய்த நன்மை அது. ஹாஃப்கினின் முறையில் முதல் ஊசி கொடுப்பவனுக்கு, அடுத்த ஊசி கையை நீட்டிச் சம்மதித்தவனுக்கு. பிளேக் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு கோயில்கள் இருக்குமளவுக்கு அந்தப் பயம் ஜனங்களின் நெஞ்சில் பதிந்தது. அந்தப் பயத்துக்கு நடுவில் இந்தியாவில் லட்சக்கணக்கானோர் அவருடைய ஊசியைப் போட்டுக்கொண்டார்கள்.

அவருக்குக் கிடைத்த பதில்மரியாதையையும் சொல்லவேண்டும். 1902இல் பஞ்சாபிலுள்ள மல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாத ஜன்னி கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. பதவியிலிருந்து விலக்கி வைத்தார்கள். அந்தக் கிராமத்தில் புட்டியைத் திறந்தபோது நேர்ந்த அசுத்தமே காரணமாயிருக்க வேண்டும், அவருடைய சோதனைச்சாலை அல்ல என்று மருத்துவ விஞ்ஞானிகள் பலர் அவருக்காகப் பேசினார்கள். மலேரியாக் கொசுவைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் அவர்களில் ஒருவர். 1907இல்தான் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். இதற்குப் பின்னும் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்து, கல்கத்தாவில் வேலை செய்தார். பம்பாய் பரேலில் அவர் தொடங்கிய சோதனைச்சாலை 1925 முதல் ஹாஃப்கின் நிலையம் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1930இல் சுவிட்சர்லாந்தில் இறந்தபோது தன் சொத்தை யூத வேதபாடசாலைகளுக்கு எழுதி வைத்திருந்தார். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. தன் வேரை விட்டுவிட்டவரல்ல, தன் வேரில் நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் நிழல் கொடுத்தவர் அவர்.

அதே பம்பாயில் டாக்டர் ஜெருஷா ஜிராட் அம்மையார் இருந்தார்கள். நம் மகப்பேறு மருத்துவர்கள் இந்தப் பெயரை அறிந்திருப்பார்கள். மேற்குக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரவேல் என்ற யூத சமூகத்தில், 1890களின் தொடக்கத்தையொட்டிப் பிறந்தவர்கள். லண்டனில் 1919இல் எம்.டி. பட்டம் பெற்றுத் திரும்பி, 1928 முதல் 1947 வரை காமா ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருந்தார்கள். பிரசவத்தில் தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று பம்பாய் நகரம் முழுவதும் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். 1966இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பூனாவிலோ 1867 முதல் சசூன் ஆஸ்பத்திரி சாதி மத பேதமின்றி நோயாளிகளை ஏற்று வருகிறது. பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர் டேவிட் சசூனின் கொடையால் எழுந்தது அது. அந்தச் செல்வத்தில் அபின் வியாபாரத்தின் பணமும் கலந்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கொடையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

தர்மம் என்ற சொல்

யூதர்கள் ஏழைக்குக் கொடுப்பதை "செதாக்கா" என்கிறார்கள். இரக்கம் என்றோ பிச்சை என்றோ இதற்குப் பொருளில்லை. நீதி என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. மற்ற மொழிக்காரர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். தமிழருக்கு லேசு. நாமும் தர்மம் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். தர்மம் ஜெயிக்கும் என்கிறோம். வாசலில் நிற்கிறவர் "அம்மா, தர்மம் போடுங்க" என்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். ஆனால் இரண்டாவது இடத்தில் வரும்போது முதல் பொருளை நாம் மறந்துவிடுகிறோம். யூதச் சட்டம் அதை மறக்கவிடவில்லை. வயலை அறுக்கிறவன் அதன் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும், சிந்தின கதிரைத் திரும்பப் பொறுக்கக்கூடாது என்று லேவியராகமத்தில் வாசிக்கிறோம். சொந்தக்காரன் அறுத்துக் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்து, நன்றி வாங்கிக்கொள்வதற்கு இடமே இல்லை. ஏழை தன் கையாலே வந்து அறுத்துக்கொள்கிறாள். அந்த ஓரம் அவளுடையது. ரூத் அப்படித்தான் போவாசின் வயலுக்கு வந்தாள்.

இந்த அடிப்படையிலிருந்து, வாங்குகிறவரின் மானத்தைக் காப்பது கொடுக்கிறவரின் கடமை என்ற எண்ணம் வளர்ந்தது. எருசலேம் தேவாலயத்தில் ஒரு அறை இருந்ததாக மிஷ்னா கூறுகிறது. பக்தியுள்ளவர்கள் அதில் இரகசியமாய்ப் பணம் வைப்பார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் இரகசியமாய் எடுத்துக்கொள்வார்கள். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியவேண்டாம் என்று நம் ஆண்டவர் போதித்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதுமையாக இருந்திராது.

ஆரணிக்கு இந்த அறை எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லவேண்டும். பட்டு நெய்கிற குடும்பம் வெளித்தோற்றத்துக்கு ஏழையாகத் தெரியாது. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து நிற்கும்போது அந்த நிறங்களைப் பார்த்தால் அந்த வீட்டில் குறையே இல்லை என்று தோன்றும். தறியில் ஏறியிருக்கும் பட்டும் ஜரிகையும் ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும். ஆனால் அது முதலாளியுடையது. நெய்கிறவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைமேல் இருக்கும். மகள் கலியாணத்துக்கோ, மாமனார் சாவுக்கோ வாங்கியது. குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தே இடுப்பு போகும், கால் வீங்கும், நாற்பது வயதுக்குள் கண் மங்கும். காசநோய் கண்டால் மருந்து அரசாங்கத்தில் இலவசம்தான். தறி நின்ற நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? ஒருவர் நெய்தால் ஒருவர் தார் சுற்ற வேண்டும், ஊடைக்கு உதவ வேண்டும். ஒருவர் படுத்தால் வீடே நிற்கிறது.

இப்படிப்பட்டவர்கள் எந்த ஆஸ்பத்திரிக் கவுன்டரிலும் வாய்திறந்து சலுகை கேட்கமாட்டார்கள். பின்னால் வரிசையில் அதே தெருக்காரர் நிற்பார். "ஏம்மா, கஷ்டமா? கொறைக்கணுமா?" என்று குமாஸ்தா நல்லெண்ணத்தோடே உரக்கக் கேட்டாலும், "இல்லீங்க சார், கட்டிடறோம்" என்று சொல்லிவிட்டு, தாலியில் கோர்த்த குண்டுமணியை அடகுவைக்கப் போவார்கள். அல்லது மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். வெட்கத்தினால் பாதியில் நின்ற மருந்து, மருந்தே கொடுக்காததைவிடச் சில நோய்களில் கெடுதல். ஆகவே மானம் என்பது இங்கே நாகரிகத்தைச் சேர்ந்த விஷயமல்ல, வைத்தியத்தைச் சேர்ந்த விஷயம்.

தல்மூதில் ரபீ யன்னாய் என்பவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஒருவன் எல்லாரும் பார்க்க ஒரு ஏழைக்குக் காசு கொடுப்பதைக் கண்டு, இப்படிக் கொடுத்து வெட்கப்படுத்துவதைவிடக் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்றாராம். கடுமையான வார்த்தைதான். மார் உக்வா என்பவரைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. அவர் தினந்தோறும் பக்கத்து ஏழை ஒருவரின் கதவுக் குழியில் நாலு காசு போட்டுவிட்டுப் போவார். யார் போடுகிறார்கள் என்று பார்த்துவிடவேண்டும் என அந்த ஏழை ஒரு நாள் காத்திருந்தார். அன்றைக்கென்று மார் உக்வாவோடு அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் இருவரும் ஓடி, தணல் வாரியிருந்த ஒரு அடுப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். அவருடைய கால் சுட்டது. அந்த அம்மாளுடைய கால் சுடவில்லை. அவருக்கு மனம் சோர்ந்தது. மனைவி சொன்ன சமாதானம் இது: நான் வீட்டிலிருக்கிறவள், வருகிறவர்களுக்கு உடனே சாப்பிடக்கூடியதைக் கொடுக்கிறேன், நீங்கள் கொடுப்பது காசு, அதை அவர்கள் கொண்டுபோய் அரிசியாக்கி உலையேற்றவேண்டும். மானத்தைக் காக்க அடுப்புக்குள்ளும் இறங்கலாம் என்பதற்காகச் சொல்லப்பட்ட கதைதான். அதற்குள்ளேயே, ஆணின் காசைவிடப் பெண்ணின் சோறு உயர்ந்தது என்றும் ஒரு பேச்சு வருவது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நாங்கள் நோயாளிகளின் படங்களை இந்த இதழில் வெளியிடாததற்குக் காரணமும் இதுதான். தாங்கள் உதவியவர்களின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சிலர் அன்போடு எழுதுகிறீர்கள். ஆசை நியாயமானதே. ஆனால் ஆரணியில் ஒரு இதழ் கைமாறிக் கைமாறி எந்தத் தெருவுக்கும் போகும். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிற வீட்டுக்கும் போகும்.

எட்டுப் படிகள்

கொடுப்பதில் எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்தியவர் மைமோனிடிஸ். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்து, எகிப்தில் வைத்தியராக வாழ்ந்து, 1204இல் இறந்தார். சட்ட அறிஞராகவே பலர் இவரை அறிவார்கள். இவர் தினம் தினம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்துப்போன டாக்டர் என்பதை நம் மருத்துவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அரண்மனையில் காலைப்பொழுது போய்விடும், வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறைய யூதரும் மற்றவரும் காத்திருப்பார்கள், அயர்வினால் படுத்துக்கொண்டே அவர்களுக்கு மருந்து சொல்லவேண்டியிருக்கிறது என்று ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் திங்கட்கிழமை வந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது.

அவருடைய எட்டுப் படிகளில் கடைசிப் படி முகம் கோணிக்கொண்டு கொடுப்பது. அதற்கு மேலே குறைவாயினும் முகமலர்ச்சியோடு கொடுப்பது, கேட்டபின் கொடுப்பது, கேட்குமுன் கொடுப்பது என்று ஏறிக்கொண்டே போகும். நடுவில் ஒரு படி அழகானது. பழைய காலத்து அறிஞர்கள் சிலர் காசைத் துணியில் முடிந்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு நடப்பார்களாம். ஏழைகள் பின்னாலே வந்து அவிழ்த்துக்கொள்வார்கள். நம் பாட்டிமார் காசை முந்தானையில் முடிந்து வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிச்சு இருப்பது முதுகில். அதற்கும் மேலே, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது. தேவாலயத்து அறையை அவர் இங்கேதான் உதாரணமாகக் காட்டுகிறார்.

உச்சிப் படி இதுவுமல்ல. விழப்போகிறவனுடைய கையைப் பிடித்து, கடனாகவோ, கூட்டுத்தொழிலாகவோ, வேலையாகவோ ஏதாவது கொடுத்து, அவன் யாரிடத்திலும் கேட்கத் தேவையில்லாதபடி நிறுத்துவதே எல்லாவற்றிலும் மேலானது. கடன் எப்படித் தர்மத்தைவிட உயர்ந்ததாகும் என்று சிலர் யோசிக்கலாம். தர்மம் வாங்கினவன் நாளைக்கும் வாங்கவேண்டியவன். கடன் வாங்கினவன் திருப்பிக் கொடுக்கப்போகிறவன்; அவனை அப்படிப்பட்டவனாக மதித்துக் கொடுத்தோம் என்பதே அவனுக்குப் பலம். யூதர்கள் தங்கள் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கக்கூடாது என்பது தோராவின் சட்டம். இதைப் பின்பற்றி எங்கே குடியேறினாலும் வட்டியில்லாக் கடன் சங்கங்களை வைத்தார்கள். நியூயார்க் நகரில் 1892இல் தொடங்கியது ஒன்று. ஐரோப்பாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் தள்ளுவண்டி வாங்கவும் தையல் மிஷின் வாங்கவும் அதில் கடன் பெற்றுப் பிழைத்தார்கள்.

இடுப்பு அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் நெசவாளிக்கு உச்சிப் படி எது? ஆஸ்பத்திரிப் பில்லைத் தள்ளுபடி செய்வது நல்லதுதான், ஆனால் அது நடுப்படி. குழியில் உட்காராமல் உயரத்தில் உட்கார்ந்து நெய்யும்படி தறியை மாற்றிக்கொள்ள உதவுவது. பழுதான அச்சை மாற்றிக் கொடுப்பது. முன்பணத்தில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் அடைக்க வழிசெய்து, கூலியில் பிடித்தம் குறையச் செய்வது. நெய்யவே முடியாதென்றால் மகனுக்கோ மருமகளுக்கோ வேறொரு கைத்தொழில். இவையெல்லாம் மருந்துச்சீட்டில் எழுத முடியாத மருந்துகள். படிக்கட்டில் மேலே போகப்போகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் நன்றி குறைந்துகொண்டே வரும் என்பதையும் கவனியுங்கள். தன் தறியில் தன் கூலிக்கு நெய்கிற மனிதர் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்.

பணத்தைக் கையாளுவதிலும் அவர்கள் கண்டிப்பு. ஊர்ப் பெட்டிக்குத் தண்டுகிறபோது இரண்டு பேராகப் போகவேண்டும். பங்கிடுகிறபோது மூன்று பேர் இருக்கவேண்டும். ஒருவனை நம்பாததால் அல்ல, ஜனங்கள்மேல் ஒருவனே அதிகாரம் செலுத்தாதிருக்க. பொறுப்பாளன் நம்பிக்கைக்குரியவன் என்று தெரியாவிட்டால் பெட்டியில் போடவேண்டாம் என்றும் எச்சரித்திருக்கிறார்கள். தர்மப் பெட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் சுவரில் எழுதி மாட்டவேண்டிய விதிகள் இவை.

வாங்குகிறவரும் கொடுக்கவேண்டும் என்பது இன்னொரு சட்டம். தர்மத்தில் ஜீவிக்கிற ஏழையும் தனக்கு வந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் கேட்கும்போது இது ஈவிரக்கமற்றதாகத் தோன்றும். அப்படியல்ல. ஆசீர்வாதமாயிரு என்ற கட்டளை எல்லாருக்கும் உரியது. ஏழை என்பதால் ஒருவரை அதிலிருந்து நீக்கிவிட நமக்கு அதிகாரமில்லை. நம் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை எடுத்த தாய்மார்களுக்கு இது நன்றாய்ப் புரியும்; உலையில் போடுமுன் ஒரு பிடி தனியே போய்விடும், அந்த வீட்டில் அன்று அரிசி எவ்வளவு குறைவாயிருந்தாலும். யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுமுன் தாய் உண்டியலில் சில காசுகள் போடுவாள். பில் முழுவதும் தள்ளுபடியான பிறகும், "இதை வேற யாருக்காச்சும் வெச்சுக்குங்க" என்று ஐம்பது ரூபாய் நீட்டுகிறவர்களிடம் "பரவாயில்லை, வேண்டாம்" என்று சொல்லக்கூடாதென்று நம் கணக்குப் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறோம்.

தரையைக் கூட்டிய குரு

நோயாளியைப் போய்ப் பார்ப்பது யூதர்களுக்குத் தனிக் கடமை. "பிக்கூர் கோலீம்" என்று பெயர். மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாம் கூடாரவாசலில் இருந்தபோது கர்த்தர் தரிசனமானாரே, அது விருத்தசேதனத்தின் நோவில் இருந்தவரை நலம் விசாரிக்க வந்ததே என்பது ரபீமார் போதனை. அவர் செய்ததை நாமும் செய்யவேண்டும். நோயாளியைப் பார்க்கிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்றும் சொல்வார்கள். அறுபது பேர் வந்தால் குணமாகிவிடுமா என்று தல்மூதிலேயே கேள்வி எழும்பியிருக்கிறது. மீதியிருப்பதில் அறுபதில் ஒன்றுதான் என்பது பதில். இந்த மாதிரி வாதங்களை அவர்கள் எவ்வளவு ஆனந்தமாய்ச் செய்தார்கள் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது.

ரபீ அகிபாவின் சீடர் ஒருவர் நோயாய்க் கிடந்தார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. அகிபா போனார். அவர் போனதால் வீட்டைக் கூட்டித் தரைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த மனிதர் பிழைத்து, எனக்கு உயிர் கொடுத்தீர் என்றார். அகிபாவே கூட்டித் தெளித்தாரா, பெரியவர் வருகிறார் என்று மற்றவர்கள் செய்தார்களா என்று இரண்டு விதமாகவும் வாசிக்கிறார்கள். நாங்கள் முதல் விதமாக வாசிக்கவே விரும்புகிறோம். தண்ணீர் தெளித்துக் கூட்டின வாசலுக்கு என்ன அர்த்தம் என்று தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை: இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, இன்றைக்கும் ஒரு நாள் தொடங்குகிறது என்று அர்த்தம். எங்கள் வார்டுகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாளியோடு வருகிற சகோதரிகளும் நோயில் அறுபதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

பார்க்கப் போகிறவருக்கு ஒழுங்குகளும் உண்டு. நோயாளியின் தலைக்கு மேல் தேவசமுகம் தங்கியிருக்கிறது. ஆகையால் அவர் தரையில் படுத்திருந்தால் அவரைவிட உயரமாக உட்காரக்கூடாது. காலையில் முதல் மூன்று மணி நேரமும், மாலையில் கடைசி மூன்று மணி நேரமும் போகவேண்டாம். காலையில் நோய் தணிந்தாற்போலிருக்கும், இவருக்கு ஜெபம் எதற்கென்று நினைப்போம். மாலையில் அதிகரிக்கும், இனி ஜெபித்து என்ன என்று நினைப்போம். பார்வையாளர் நேரத்தைப் பற்றி எங்கள் வாசற்காவலர்களோடு சண்டைபோடுகிற உறவினர்களிடம் இந்தக் காரணத்தையும் இனிச் சொல்லிப்பார்க்கலாம்.

இந்த இதழோடு இரண்டு உறைகள் வைத்திருக்கிறோம். வெள்ளை உறை வழக்கம்போல் ஏழை நோயாளர் நிதிக்கு. மஞ்சள் உறை, குணமாகி வீடு திரும்பும் நெசவாளிகளுக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க. தவணையில் திரும்பி வருவது அடுத்தவருக்குப் போகும். இரண்டிலும் உங்கள் பெயரும் முகவரியும் எழுதவேண்டும், ஏனெனில் பெயரில்லாத நன்கொடையை வருமான வரிச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. அந்தப் பெயர் அலுவலகப் பதிவேட்டோடு நிற்கும், வார்டுக்குப் போகாது. இன்னாருடைய நினைவாக என்று கட்டிலில் எழுதும்படி கேட்கிறவர்கள் கடைசி வரியில் குறிப்பிடலாம். அந்த வரியைக் காலியாகவும் விடலாம். உறைகளை மூன்று பேர் சேர்ந்தே திறக்கிறோம்.